தூங்க வைப்பது யார்? எழுப்பி விடுவது யார்?

"இலவு காத்த கிளி" என்று ஒரு பழமொழி உண்டு. பழம் பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குக் கடைசியில் கிடைத்தது காற்றில் பறக்கும் பஞ்சுதான். ஆனால் தேனி மாவட்டம் வருசநாட்டில் இலவு காத்தவர்களுக்கு அந்தப் பஞ்சுதான் பிழைப்பு! வருசநாடு, கடமலைக்குண்டு, போடி பக்கத்துத் தோப்புகளில் விளையும் இலவம் பஞ்சு மெத்தையாகவும் தலையணையாகவும் மாறி ஊர் ஊராகப் போகிறது. அதே மலைகளின் மேலே மேகமலையில் தேயிலைத் தோட்டங்கள். போடி மலைப்பக்கம் போனால் காப்பித் தோட்டங்கள். ஆக, தூங்குவதற்கான தலையணையும் தூக்கத்தை விரட்டும் தேநீரும் ஒரே மாவட்டத்தில் விளைகின்றன.

ஆனால் தலையணை தூக்கத்தைத் தருமா? படுக்க வசதியைத் தரும், அவ்வளவுதான். தேநீரும் தூக்கத்தைக் கொஞ்ச நேரம் தள்ளித்தான் போடும். உண்மையில் தூங்க வைப்பதும் எழுப்பி விடுவதும் தலையணையில் சாய்கிற அந்தத் தலைக்குள் இருக்கும் மூளைதான். இன்று இது சாதாரண விஷயமாகத் தெரியலாம். ஆனால் இதைக் கண்டுபிடிக்க ஒரு கொள்ளை நோய், சில பூனைகள், இருட்டுக் குகைகள், ஏராளமான வௌவால்கள் எல்லாம் தேவைப்பட்டன. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை ஓடி வந்து சேரும் மதுரைக்கும் இந்தக் கதையில் ஒரு முக்கியமான பங்கு இருக்கிறது.

விளக்கை அணைப்பது போலவா?

பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் தூக்கத்தைப் பற்றி நினைத்தது இதுதான்: பகல் முழுவதும் கண் பார்க்கிறது, காது கேட்கிறது, உடம்பு உழைக்கிறது. இரவு வந்ததும் வெளியிலிருந்து வரும் செய்திகள் குறைகின்றன. மூளைக்கு வேலை இல்லை. எண்ணெய் தீர்ந்த விளக்கு அணைவது போல மூளையும் அணைந்து விடுகிறது.

இந்த எண்ணம் சரி என்றால் தூக்கத்துக்கென்று மூளையில் தனியாக ஓர் இடம் இருக்கத் தேவையில்லை. அணைவதற்கு விளக்கு தனியாக ஒன்றும் செய்ய வேண்டாமே! இந்த எண்ணத்தில் முதல் ஓட்டையைப் போட்டது ஒரு பயங்கரமான நோய்.

வியன்னாவில் வந்த தூங்கு நோய்

முதல் உலகப்போர் நடந்து கொண்டிருந்த நேரம். வியன்னா நகரத்து மருத்துவமனைக்கு விசித்திரமான நோயாளிகள் வந்தார்கள். சிலர் நாள் கணக்கில், வாரக் கணக்கில் தூங்கினார்கள். எழுப்பினால் கண் திறப்பார்கள், கேட்டதற்குப் பதில் சொல்வார்கள், மறுபடியும் தூங்கி விடுவார்கள். கும்பகர்ணன் கதை நேரில் நடந்தது போல இருந்தது. வேறு சிலருக்கு இதற்கு நேர்மாறு. எவ்வளவு களைத்தாலும் தூக்கமே வரவில்லை.

அங்கே மருத்துவராக இருந்த கான்ஸ்டான்டின் ஃபான் எகோனமோ 1917-ல் இந்த நோயைப் பற்றி எழுதினார். 'என்செஃபலைட்டிஸ் லெதார்ஜிகா' என்று பெயர் வந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் அது உலகம் முழுவதும் பரவி, ஏராளமான உயிர்களைக் குடித்துவிட்டு, வந்த மாதிரியே மறைந்தும் போனது.

எகோனமோ இறந்து போனவர்களின் மூளைகளைப் பரிசோதித்தார். ஓயாமல் தூங்கியவர்களுக்கு மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதியின் பின்பக்கம் பழுதாகி இருந்தது. தூங்கவே முடியாதவர்களுக்கு அதே ஹைப்போதலாமஸின் முன்பக்கம் பழுதாகி இருந்தது!

இதிலிருந்து அவர் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார். பின்பக்கத்தில் விழித்திருக்க வைக்கும் இடம் இருக்கிறது. முன்பக்கத்தில் தூங்க வைக்கும் இடம் இருக்கிறது. அப்படியானால் தூக்கம் என்பது மூளை தானாகச் செய்கிற ஒரு வேலை. அந்த இடம் கெட்டுப் போனால் மனிதன் எவ்வளவு ஆசைப்பட்டாலும் தூங்க முடியாது.

1946-ல் வாலே நௌட்டா என்ற விஞ்ஞானி எலிகளில் இதையே சோதித்துப் பார்த்தார். ஹைப்போதலாமஸின் முன்பகுதி சேதமானால் எலி தூங்கவில்லை, பின்பகுதி சேதமானால் எலி எழவில்லை. நோயாளிகளைப் பார்த்து எகோனமோ சொன்னது சரியாகவே இருந்தது.

பூனையை எழுப்பிய மின்சாரம்

இதற்கிடையில் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்பவர் தலைக்கு மேல் மின்முனைகளை வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் வழியைக் கண்டுபிடித்து 1929-ல் வெளியிட்டார். அதுதான் இன்று எல்லா ஊர்களிலும் எடுக்கப்படும் இ.இ.ஜி. விழித்திருக்கும்போது அலைகள் சிறியதாகவும் வேகமாகவும் இருக்கும். ஆழ்ந்து தூங்கும்போது பெரியதாகவும் மெதுவாகவும் இருக்கும். முதல் முறையாகத் தூக்கத்தைக் காகிதத்தில் பார்க்க முடிந்தது.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் பிரெமர் 1935-ல் ஒரு பூனையின் மூளைத்தண்டை மேல்பகுதியில் துண்டித்தார். பூனையின் மூளை தூக்க அலைகளை மட்டும் காட்டியது. வெளி உலகச் செய்திகள் வராததால் மூளை தூங்கிவிட்டது என்று அவர் நினைத்தார். அதாவது, பழைய 'அணைந்த விளக்கு' கதையே மறுபடியும் வந்தது.

1949-ல் இத்தாலியரான ஜூசெப்பே மொருட்சியும் அமெரிக்கரான ஹொரேஸ் மேகனும் சேர்ந்து அதை மாற்றினார்கள். மயக்கத்தில் இருந்த பூனையின் மூளைத்தண்டின் நடுவில் வலைபோலப் பின்னிக் கிடக்கும் ஒரு பகுதியில் மெல்லிய மின்சாரம் கொடுத்தார்கள். உடனே மூளை அலைகள் விழித்திருக்கும் பூனையின் அலைகளாக மாறின! ஆக, விழிப்பும் தானாக வருவதில்லை. மூளைத்தண்டிலிருந்து 'எழுந்திரு, எழுந்திரு' என்று யாரோ ஓயாமல் மணி அடித்துக் கொண்டே இருக்க வேண்டும். பிரெமர் வெட்டியது அந்த மணியின் கயிற்றைத்தான்.

ஒரு மாணவர் கண்டுபிடித்த தூக்கம்

1950-களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர் இருந்தார். தூங்குபவர்களின் கண் அசைவுகளைக் கவனிப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. தன் எட்டு வயது மகனையே படுக்க வைத்து, கருவியை மாட்டிப் பதிவு செய்தார். நடு இரவில் பேனா முட்கள் வேகமாக ஆடத் தொடங்கின. பையன் விழித்துவிட்டான் என்று நினைத்துப் போய்ப் பார்த்தால் அவன் நன்றாகத் தூங்கிக் கொண்டிருந்தான்! மூடிய இமைகளுக்குள் கண்கள் மட்டும் இங்கும் அங்கும் ஓடின.

1953-ல் அசெரின்ஸ்கியும் அவரது ஆசிரியர் நதானியேல் க்ளைட்மனும் இதை வெளியிட்டார்கள். அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானோர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ரெம் தூக்கம்' என்று இன்று அழைக்கப்படுவது இதுதான். ஒரு இரவில் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒரு முறை அது வந்து போகிறது. அப்போது மூளை கிட்டத்தட்ட விழித்திருக்கும்போது போலவே சுறுசுறுப்பாக இருக்கும். உடம்பின் தசைகள் மட்டும் கட்டிப் போட்டது போலத் தளர்ந்திருக்கும். தூங்கும்போது மூளை சும்மா இருக்கிறது என்ற பேச்சு இத்துடன் முடிந்தது.

தூங்குமூஞ்சி மரத்தின் கடிகாரம்

எங்கே என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. எப்போது என்ற கேள்வி பாக்கி இருந்தது. இரவு வந்தால் தூக்கம் வரும், விடிந்தால் விழிப்பு வரும் என்பது ஏன்? சூரியன் போவதாலா, இல்லை வேறு காரணமா?

நம் ஊர்ச் சாலையோரங்களில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைப் பாருங்கள். சாயங்காலம் ஆனால் இலைகளை மடித்துக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பெயர். புளிய மரமும் இப்படித்தான். 1729-ல் பிரான்சில் டி மைரான் என்ற வானியல் அறிஞர், இப்படி இலை மடிக்கும் ஒரு செடியைக் கொண்டுபோய் இருட்டில் வைத்தார். சூரியன் இல்லாமலே அந்தச் செடி காலையில் இலையை விரித்தது, மாலையில் மடித்தது. செடிக்குள்ளேயே நேரம் பார்க்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்கு இதுவே முதல் சான்று.

மனிதனுக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்க்க மனிதனையே இருட்டில் வைக்க வேண்டும். 1938-ல் க்ளைட்மனும் அவருடைய மாணவர் ஒருவரும் அமெரிக்காவின் மாமத் குகைக்குள் 32 நாட்கள் தங்கி, ஒரு நாளை 28 மணி நேரமாக்கி வாழ்ந்து பார்த்தார்கள். இளைய மாணவருக்கு அது ஒத்து வந்தது. க்ளைட்மனின் உடம்போ பழைய 24 மணி நேரக் கணக்கை விடவே இல்லை.

1962-ல் மிஷேல் ஸிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலையின் நிலத்தடிக் குகை ஒன்றில் இரண்டு மாதம் தனியாக இருந்தார். வெளியே அழைத்தபோது இன்னும் சுமார் 25 நாட்கள் பாக்கி இருப்பதாக நினைத்துக் கொண்டிருந்தார். மனம் போட்ட கணக்கு தப்பியது. ஆனால் அவர் தூங்கி எழுந்த சுழற்சி 24 மணி நேரத்தை ஒட்டியே ஓடியிருந்தது.

அதே காலத்தில் ஜெர்மனியில் யுர்கன் ஆஷாஃப், ருட்கர் வெவர் இருவரும் ம்யூனிக் அருகே ஆண்டெக்ஸ் என்ற இடத்தில் வெளிச்சமும் சத்தமும் நுழையாத நிலவறை வீடு ஒன்றைக் கட்டினார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நானூறுக்கும் அதிகமானவர்கள் அதில் தங்கினார்கள். பெரும்பாலானோரின் 'நாள்' 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடியது. சிலருக்கு மட்டும் தூங்கி விழிக்கும் சுழற்சி விசித்திரமாக நீண்டது. ஆனால் அவர்கள் அதை உணரவே இல்லை. நீண்ட நாளிலும் மூன்று வேளைதான் சாப்பிட்டார்கள்!

மேகமலை வௌவாலும் மதுரைக் குகைகளும்

இப்போது தேனிப் பக்கம் வருவோம். 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தேயிலைத் தோட்டக்காரர் மேகமலையில் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பாடம் செய்து பம்பாய்க்கு அனுப்பினார். சாதாரண வகை என்று நினைத்து அதை அலமாரியில் வைத்து விட்டார்கள். 1972-ல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அது உலகத்துக்கே புதிய இனம் என்று கண்டு, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். உலகின் மிக அரிய வௌவால்களில் ஒன்று வருசநாட்டு மலைகளில் வாழ்கிறது.

வௌவால் பகலில் தூங்கி இரவில் விழிக்கும் பிராணி. அதுவும் இருட்டுக் குகைக்குள் தொங்கும் வௌவாலுக்கு வெளியே சூரியன் மறைந்தது எப்படித் தெரியும்? உயிர்க் கடிகாரத்தைப் பற்றி ஆராய இதைவிட நல்ல பிராணி கிடைக்குமா? இப்படி யோசித்தவர்தான் எம்.கே. சந்திரசேகரன்.

1937-ல் பிறந்த சந்திரசேகரன், சென்னையில் மணலுக்குள் புதையும் கடற்கரை நண்டு வகை ஒன்றின் ஓத ஒழுங்கை ஆராய்ந்தவர். ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில், செடிகளின் கடிகாரத்தை ஆராய்ந்து புகழ் பெற்ற எர்வின் ப்யூனிங்கிடம் பணியாற்றினார். பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்து விலங்குகளின் நடத்தை பற்றிய ஆராய்ச்சியை வளர்த்தார். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே நாகமலை, சமணர் மலை. சமண முனிவர்கள் தவம் செய்த அந்தப் பாறைகளின் குகைகளில் வௌவால்கள் கூட்டம் கூட்டமாகத் தொங்கின. வெளிநாட்டுக்காரர்கள் லட்சக்கணக்கில் செலவு செய்து கட்டிய இருட்டு அறைகள் இங்கே இயற்கையாகவே கிடைத்தன!

சந்திரசேகரனும் அவருடன் ஜி. மாரிமுத்து, ஆர். சுப்பராஜ் போன்றவர்களும் ஓர் எளிமையான சோதனை செய்தார்கள். பூச்சி தின்னும் இலைமூக்கு வௌவால் ஒன்றைப் பிடித்து, வெளிச்சம் எட்டாத குகைக்குள் கூண்டில் வைத்தார்கள். அது எப்போது சிறகடிக்கிறது, எப்போது ஓய்கிறது என்று பதிவு செய்தார்கள்.

கூண்டைச் சுற்றி அதன் இனத்து வௌவால்கள் சுதந்திரமாக வாழ்ந்தபோது, சூரியனையே பார்க்காத கூண்டு வௌவால் சரியாக 24 மணி நேரக் கணக்கைக் காப்பாற்றியது. மற்ற வௌவால்கள் மாலையில் வெளியே கிளம்பும் சலசலப்பும், விடியும் முன் திரும்பி வரும் ஆரவாரமும் அதற்கு மணியடித்தன. வேறு வௌவால்கள் இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் நாள் மெல்ல மெல்ல நகர்ந்து சூரியக் கணக்கிலிருந்து விலகிப் போனது. வேறு இனத்து வௌவாலை அந்தக் கூட்டத்தின் நடுவில் வைத்தால்? அது அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. சொந்த இனத்தின் குரல்தான் தேவைப்பட்டது.

1978 முதல் வெளிவந்த இந்த முடிவுகள் உலகப் பாடநூல்கள் வரை போயின. கடிகாரம் உள்ளே இருக்கிறது, ஆனால் அதைத் தினமும் திருத்தி வைக்க வெளியிலிருந்து ஒரு சைகை வேண்டும். சில உயிர்களுக்குச் சொந்தக் கூட்டமே அந்தச் சைகையாக முடியும் என்பதை மதுரைக் குகைகள் காட்டின. சந்திரசேகரனுக்கு 1983-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது.

மதுரையின் தனியறை

வௌவாலுடன் நிற்கவில்லை. ஆண்டெக்ஸ் நிலவறையைப் போல மனிதர்களைத் தனிமையில் வைத்து ஆராயும் அறை ஒன்றும் மதுரைப் பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்தது. வெளிச்சம், சத்தம், கடிகாரம், வானொலி, செய்தித்தாள் எதுவும் இல்லை. விருப்பப்பட்டு வந்தவர்கள் நாள் கணக்கில் தனியாகத் தங்கி, தூக்கம் வந்தபோது தூங்கி, பசித்தபோது சாப்பிட்டார்கள்.

1991-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை இந்த அறையில் தங்கிய ஒரு பெண்ணைப் பற்றியது. அவர் தூங்கி விழிக்கும் சுழற்சி வெளி உலக நாளிலிருந்து விலகியபோதும் மாதவிடாய்ச் சுழற்சி அதன் பின்னால் போகவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை அல்ல என்று தெரிந்தது. பெண்களின் உடம்பை வைத்து இப்படிப்பட்ட ஆராய்ச்சிகள் உலகத்திலேயே குறைவாக இருந்த காலம் அது.

சந்திரசேகரன் பின்னாளில் பெங்களூரில் பணியாற்றினார். 2009-ல் மறைந்தார். இந்தியாவில் உயிர்க் கடிகார ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டவர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

கடிகாரம் இருக்கும் இடம்

அந்தக் கடிகாரம் மூளையில் எங்கே இருக்கிறது? 1972-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக விடை கண்டன. இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸுக்குள், சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு ஜோடிக் கொத்து. அதை அழித்தால் எலி தூங்கத்தான் செய்யும், ஆனால் நேரம் காலம் இல்லாமல் இரவும் பகலும் துண்டு துண்டாகத் தூங்கும். 1990-ல் ஓர் ஆச்சரியமான சோதனை நடந்தது. பிறவியிலேயே வேகமான கடிகாரம் உடைய வெள்ளெலியின் அந்தக் கொத்தை, கொத்து அழிக்கப்பட்ட இன்னொரு வெள்ளெலிக்குள் வைத்தார்கள். அந்த எலியும் அதே வேகமான நாளை வாழத் தொடங்கியது!

இந்தக் கொத்து பகல் பிராணிகளுக்கும் இரவுப் பிராணிகளுக்கும் ஒரே மாதிரி பகலில்தான் அதிகமாக வேலை செய்கிறது. அது காட்டும் நேரத்தை மூளையின் மற்ற பகுதிகள் படித்துக்கொள்ளும் விதம்தான் வேறு. ஒரே கோவில் மணிச் சத்தத்தில் ஒருவர் எழுந்து வேலைக்குப் போகிறார், இரவுக் காவலாளி படுக்கப் போகிறார் அல்லவா? அது போலத்தான்.

செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதை ஈக்களில் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் கடிகாரம் சராசரியாக 24 மணி 11 நிமிடம் ஓடுகிறது என்று 1999-ல் நுணுக்கமான ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் கூடுதல் நிமிடங்களைத் தினமும் திருத்துவது முக்கியமாக வெளிச்சம். வௌவாலைப் போலக் கூட்டத்தின் சத்தம் மட்டும் மனிதனுக்குப் போதாது. அதனால்தான் வெளிச்சத்தையே உணர முடியாத பார்வையற்றவர்கள் பலருக்கு, வீட்டில் எல்லோருடனும் வாழ்ந்தாலும், தூக்க நேரம் நாளுக்கு நாள் நகர்ந்து போகிறது.

சுவிட்சும் தராசும்

கடிகாரம் நேரம் சொல்லும். ஆனால் தூங்க வைக்கும் சுவிட்ச் எது? எகோனமோ சொன்ன அதே முன்பக்கத்தில், 1996-ல் க்ளிஃபர்ட் சேப்பர் குழுவினர் தூக்கத்தின்போது மட்டும் வேலை செய்யும் ஒரு செல் கூட்டத்தைக் கண்டார்கள். இவை விழிப்பு மையங்களுக்கு 'போதும், நிறுத்து' என்று கட்டளை அனுப்புகின்றன. விழிப்பு மையங்களும் பதிலுக்கு இவற்றை அடக்குகின்றன. சிறுவர்கள் ஆடும் ஏற்றப்பலகை போல ஒன்று மேலே போனால் இன்னொன்று கீழே. அதனால்தான் மனிதன் பாதி விழிப்பில் நாள் முழுவதும் கிடப்பதில்லை.

1998-ல் இரண்டு குழுக்கள் ஒரெக்ஸின் என்ற பொருளைக் கண்டுபிடித்தன. ஹைப்போதலாமஸின் பின்பக்கத்தை ஒட்டிய செல்கள் அதைச் சுரக்கின்றன. பலகையை விழிப்பின் பக்கம் ஆடாமல் பிடித்து வைப்பது இதுதான். இந்தச் செல்கள் அழிந்து போனவர்களுக்கு நார்கோலெப்ஸி என்ற நோய் வருகிறது. பேசிக் கொண்டிருக்கும்போதே, சிரித்துக் கொண்டிருக்கும்போதே தூக்கமோ தளர்ச்சியோ வந்து சாய்த்து விடும்.

இதோடு ஒரு தராசும் உண்டு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. சேரச் சேரத் தூக்கத்தின் பாரம் ஏறுகிறது. தூங்கினால்தான் இறங்கும். தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீன் என்ன செய்கிறது? அடினோசின் வந்து உட்கார வேண்டிய நாற்காலியில் தான் போய் உட்கார்ந்து கொள்கிறது! பாரம் அப்படியே இருக்கும், தராசு மட்டும் காட்டாது. காஃபீன் எழுந்து போனதும் சேர்ந்த பாரம் மொத்தமாக இறங்கும். கடிகாரம், பாரம் இரண்டும் சேர்ந்துதான் தூக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்று ஜூரிச்சைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பெய் 1982-லேயே சொன்னார்.

யார் சோம்பேறி?

இந்த வரலாறு எல்லாம் எதற்கு? ஒரு சொல்லுக்காக. 'சோம்பேறி' என்ற சொல்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே ஜீப்புகள் கேரள மலைகளுக்கு ஏறுகின்றன. தேனி, ஆண்டிபட்டி பக்கத்து நூற்பாலைகளில் நைட் ஷிப்ட் நடக்கிறது. மலையடிவாரத்துக் காடுகளில் காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் பயந்து இரவெல்லாம் காவல் இருக்கும் விவசாயிகள் உண்டு. இவர்களுக்குப் பகலில் தூங்க நேரம் கிடைத்தாலும் உள்ளே இருக்கும் கடிகாரம் 'இது பகல்' என்று சொல்லிக் கொண்டே இருக்கும். அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு மூளையின் விழிப்பு மிகவும் தாழ்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் வண்டி ஓட்டுபவரின் கண் சொருகினால் அதற்கு அவர் மனஉறுதி குறைந்தவர் என்று அர்த்தம் இல்லை. ஹைப்போதலாமஸ் தன் வேலையைச் செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இரவு ஷிப்ட் வேலையைப் 'புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற வகையில் 2007-ல் சேர்த்தது, 2019-லும் அதையே உறுதி செய்தது.

மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பதின்ம வயதில் கடிகாரம் இயற்கையாகவே பின்னால் தள்ளிப் போகிறது. இரவு பதினொன்றுக்கும் தூக்கம் வராது, காலை ஐந்துக்கு எழவும் முடியாது. இருபது வயதைத் தாண்டிய பிறகுதான் அது மெல்ல முன்னால் திரும்புகிறது. "விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படி, மண்டையில் ஏறும்" என்று சொல்லும் பெரியவர்களின் கடிகாரமும் பிள்ளைகளின் கடிகாரமும் ஒன்றல்ல. பரீட்சைக்கு முதல் நாள் இரவு முழுவதும் தேநீர் குடித்துக் கண் விழித்தால் படித்ததைப் பதிய வைக்கும் நேரமே பறிபோகிறது. ஏனென்றால் பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பதில் பெரும்பகுதி தூக்கத்தில்தான் நடக்கிறது. படுக்கையில் கைபேசியின் வெளிச்சம் வேறு, கடிகாரத்தை இன்னும் பின்னால் தள்ளுகிறது.

செய்யக் கூடியது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. காலை வெயிலில் கொஞ்ச நேரம் நிற்பது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது. மாலைக்கு மேல் காப்பியைக் குறைப்பது. இரவில் வெளிச்சத்தைத் தாழ்த்துவது. வேலை கொடுப்பவர்கள் செய்யக் கூடியது இன்னும் முக்கியம்: ஷிப்டுகளை அடிக்கடி தலைகீழாக மாற்றாமல் இருப்பது, இரவு ஓட்டுநருக்குப் படுக்க இடமும் நேரமும் தருவது.

எகோனமோவின் நோயாளிகளும், பிரெமரின் பூனைகளும், சமணர் மலை வௌவால்களும் சொன்னது ஒன்றுதான். தூக்கம் என்பது மூளை தன் கையால் செய்கிற வேலை. அதற்கு ஒரு இடம் உண்டு, ஒரு நேரம் உண்டு, கூலி கொடுக்காமல் தள்ளிப் போட்டால் வட்டியோடு வசூலிக்கும் கணக்கும் உண்டு. அடுத்த முறை பஸ்ஸில் ஒருவர் தோளில் சாய்ந்து தூங்கினால் தட்டி எழுப்புவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். எந்த ஷிப்ட் முடித்து வருகிறாரோ!